ஸ்பைடர் பிளாண்ட் குட்டி விட இருட்டு வேண்டும்

கேள்வி: ஐயா, தர்மபுரி அருகே வீட்டோடு சேர்ந்த சிறிய நர்சரி நடத்துகிறேன். தாய்ச்செடிக்காக வாங்கிய 40 ஸ்பைடர் பிளாண்ட் அழகுச்செடிகள் ஒன்றரை வயதாகியும் குட்டி (தண்டில் தொங்கி வரும் சிறு செடி) விடவில்லை. பத்து அங்குலத் தொட்டிக்கு மாற்றி, பத்து நாளுக்கு ஒருமுறை யூரியா கரைத்து ஊற்றுகிறேன். இலை அடர்த்தியாக இருக்கிறது, நுனி மட்டும் கருகுகிறது. சென்ற தை மாதம் மூன்று தொட்டிகளில் நீளமாக வந்த பூத்தண்டுகளை, சத்து வீணாகிறதே என்று கிள்ளிவிட்டேன். தொட்டிகள் எல்லாம் வாசல் பந்தலில், இரவு முழுவதும் எரியும் குழல்விளக்கின் கீழ் இருக்கின்றன. குட்டி விட என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் செடிகளுக்கு நோய் எதுவும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தக் குழல்விளக்குதான் முதல் காரணம்.

ஸ்பைடர் பிளாண்ட் இரவின் நீளத்தைப் பார்த்துத் தண்டு விடும் செடி. நாளொன்றுக்கு வெளிச்சம் 12 மணி நேரத்துக்குக் குறைவாகவும், இரவு இடையூறு இல்லாத இருட்டாகவும் மூன்று வாரமாவது தொடர்ந்தால்தான் குட்டி தாங்கும் தண்டு நன்றாகக் கிளம்பும். உங்கள் பக்கத்துச் சாமந்தி விவசாயிகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். ஓசூர் வட்டாரப் பசுமைக்குடில்களில் சாமந்தி அவசரப்பட்டு மொட்டு வைத்துவிடக் கூடாது என்று இரவில் வேண்டுமென்றே விளக்குப் போடுகிறார்கள். அதே வேலையைத்தான் உங்கள் வாசல் விளக்கும் செய்கிறது. பூத்தண்டு வந்த அந்த மூன்று தொட்டிகளும் விளக்குக்கு எட்டி, பந்தலின் ஓரத்தில் இருந்தவையா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே ஐப்பசி பிறப்பதற்குள் தொட்டிகளை வீட்டின் பின்புறம், தெருவிளக்கும் படாத இடத்துக்கு மாற்றுங்கள். இரவில் அங்கே நின்று செய்தித்தாளின் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால் அந்த இடம் ஆகாது. நம் பகுதியில் ஐப்பசி முதல் தை வரை பகல் சுருங்கியே இருப்பதால் இயற்கையே உதவும். நிச்சயமாக வேண்டும் என்றால் பத்துத் தொட்டிகளுக்கு மட்டும், மாலை ஐந்தரை முதல் காலை ஏழரை வரை கெட்டியான கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு மூன்று வாரம் மூடிப் பாருங்கள். பாலித்தீன் வேண்டாம், உள்ளே புழுங்கிவிடும். பகலில் நல்ல வெளிச்சம் கட்டாயம் தேவை. உச்சிவெயில் நேராகப் படாமல் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்தால் போதும். மாமரத்து அடர்நிழலில் வைத்தால் செடி உயிரோடு இருக்கும், குட்டி போடும் தெம்பு இருக்காது.

இனி தொட்டி. பத்து அங்குலம் இந்தச் செடிக்கு மிகப் பெரியது. ஒரு செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விரல் பருமனில் சிறு கிழங்குகள் போலத் திரண்டிருக்கும். மூலிகையாகப் பயிரிடும் சபேத் முஸ்லி இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதில் விலைபோவது இப்படிப்பட்ட வேர்தான். நீரைச் சேமித்து வைக்கும் இந்த வேர்கள் தொட்டியை நிரப்பிச் சற்று நெருக்கடியான பிறகே செடி தண்டு விடுவதில் முனைப்புக் காட்டும். அகலமான தொட்டியும் யூரியாவும் சேர்ந்தால் இலையைப் பெருக்குவதிலேயே காலம் போய்விடும். 40 செடிகளையும் கலைக்காதீர்கள். பாதியை மட்டும் கத்தியால் இரண்டு மூன்றாகப் பிரித்து ஐந்து அங்குலத் தொட்டியில் வையுங்கள். உபரியாக வருவதை இப்போதே விற்கலாம். மீதிப் பாதி, இருக்கும் தொட்டியிலேயே வேர் நிறையட்டும். யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுத்தால் போதும். குட்டி விட வைக்கும் என்று சொல்லி விற்கும் ஹார்மோன் டானிக் எதையும் வாங்க வேண்டாம். காசுதான் கரையும்.

நுனி கருகுவதற்கு உங்கள் ஊர்த் தண்ணீரைத்தான் சந்தேகிக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஸ்பைடர் பிளாண்ட் ஃபுளோரைடைத் தாங்காத செடி. அந்த உப்பு இலை நுனியில் போய்ச் சேர்ந்து திசுவைக் கருக்கிவிடும். தண்ணீரைப் பிடித்து ஓரிரவு வைத்திருந்தால் குளோரின் பறந்துபோகும், ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. வடகிழக்குப் பருவமழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டிகளுக்கென்று தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு கலந்திருப்பதால் மண்கலவையில் சேர்க்காதீர்கள். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தினமும் ஊற்றினால் கிழங்குவேர் அழுகிவிடும்.

பூத்தண்டு வந்தால் இனி கிள்ளாதீர்கள் அம்மா. உங்களுக்கு வேண்டிய குட்டிகள் அதில்தான் வரும். ஆறு இதழ்களோடு வெள்ளையாகச் சிறு பூக்கள் விரிந்து வாடும். பிறகு அதே தண்டின் கணுக்களிலிருந்து இலைக்கொத்துகள் கிளம்பும், கனம் தாங்காமல் தண்டு வளைந்து தொங்கும். கொத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை முட்களைப் போல வேர்முளைகள் தெரியும். அவை ஒரு சென்டிமீட்டர் நீண்டதும், தாயிடமிருந்து வெட்டாமலே பக்கத்தில் ஒரு சிறிய தொட்டியை வைத்து, வளைத்த கம்பியால் குட்டியை மண்ணோடு பொருத்தி வையுங்கள். உப்பு நீங்கக் கழுவிய தேங்காய் நார்க்கழிவும் மணலும் சமமாகக் கலந்தது நல்லது. மூன்று நான்கு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிப்புத் தெரிந்தால் தண்டை நறுக்கிவிடலாம். வெட்டி எடுத்து நட்டாலும் பிழைக்கும். ஆனால் விற்பனைக்கு வளர்க்கும்போது தாயோடு இருக்க வேர்பிடிக்க வைப்பதையே நான் விரும்புவேன், வாட்டமே தெரியாது.

சில தண்டுகளில் பச்சைக் காய்களும் பிடிக்கும். உங்களிடம் இருப்பது வெள்ளைக்கோடு போட்ட வகை என்றால் அந்த விதையைச் சேகரித்துப் பயனில்லை, அதில் முளைக்கும் நாற்றுகளில் கோட்டை எதிர்பார்க்க முடியாது. கோடு அப்படியே வருவது குட்டியிலும், பிரித்து நட்ட செடியிலும்தான்.