ஒரே ஏட்டில் மெமரி: கேட்டதும் சொன்னதும்

அக்கா, பென் டிரைவ், எஸ்எஸ்டி எல்லாம் நன்றாகத்தானே ஓடுகின்றன? மெமரி செய்ய நீங்கள் ஆராயும் மாலிப்டினம் டைசல்ஃபைடு மாதிரி புதுப் பொருள் எதற்கு?

ஓடுகின்றன, சரி. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் எலக்ட்ரான்களை ஆக்சைடு சுவருக்குள் அடைத்து வைக்கிறோம். எழுதும்போதும் அழிக்கும்போதும் அதிக வோல்டேஜ் கொடுத்து அந்தச் சுவர் வழியாகவே தள்ளுவதால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறது, மெல்லிசாக்கினாலோ எலக்ட்ரான் கசிந்துவிடும். சிலிக்கானையும் ஓரளவுக்கு மேல் மெலிதாக்கினால் எலக்ட்ரான் ஓட்டம் தடுமாறும். மாலிப்டினம் டைசல்ஃபைடு இயல்பிலேயே பாலாடை போல ஏடு ஏடாக இருப்பது. ஓர் ஏடு 0.65 நானோமீட்டர்தான்.

ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் ஏடான கிராஃபீன் போதாதா மேடம்?

சுவிட்சாக ஆகாது, மின்னோட்டத்தை முழுசாக நிறுத்த முடியாது. ஆனால் அதில் எலக்ட்ரான் சட்டென்று வேகமெடுக்கும். அதை வைத்துத்தான் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் 400 பிகோசெகண்டில் (ஒரு பிகோசெகண்ட் என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) எழுதும் ஃபிளாஷ் செய்து 2025இல் வெளியிட்டார்கள். வழக்கமான ஃபிளாஷுக்கு மைக்ரோசெகண்டுகள், அதாவது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், வேண்டும்.

அவ்வளவு மெல்லிய ஏட்டில் எதை, எப்படிச் சேமிப்பது?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே ஒரே ஏட்டை வைத்தால் மின்சாரம் கசியத்தான் செய்யும், மெமரி ஆகாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 2018இல் அமெரிக்காவின் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் டெஜி அகின்வாண்டேயின் குழு அது ஆகும் என்று காட்டியது. ஏட்டில் அங்கங்கே சல்ஃபர் அணு விட்டுப்போன பள்ளம் இருக்கும். வோல்டேஜ் கொடுத்தால் தங்க அணு ஒன்று வந்து அதில் உட்காரும், வழி திறக்கும், அது 1. வோல்டேஜை எதிர்த்திசையில் கொடுத்தால் அது எழுந்து போய்விடும், வழி மூடும், அது 0. கரண்டை நிறுத்தினாலும் இருந்த நிலை அப்படியே இருக்கும். குறை என்று நாம் சொல்லும் பள்ளம்தான் இங்கே மெமரியே!

கடைக்கு எப்போது வரும்?

தேதி சொல்ல மாட்டேன். சிக்கல் பொருளில் இல்லை, இடம் மாற்றுவதில் இருக்கிறது. நல்ல ஏடு வளர 700 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், சிப்பின் கம்பிகளோ 400ஐத் தாண்டினால் தாங்காது. அதனால் சஃபையர் என்ற நீலக்கல் தகட்டின் மேல் வளர்த்து, பாலிமர் படலத்தில் ஒட்டி எடுத்து, சிப்பின் மேல் படுக்க வைக்கிறோம். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஊதா நிற ஆக்சைடு மேல் லேசான நீல நிழலாக ஏடு தெரியும், குறுக்கே முடி மாதிரி ஒரு விரிசலும் தெரியும். ஒரு வாரம் போச்சு. ஒரு செல் வேலை செய்வது பெரிதில்லை, கோடிக்கணக்கான செல்களும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும்.

எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன் அக்கா, எங்கே தொடங்குவது?

சாதாரண ஒட்டும் டேப்பில் தொடங்கு தம்பி. 2004இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து கிராஃபீனை உரித்தது டேப்பை வைத்துத்தான். உரித்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஒற்றை ஏடு எது, இரட்டை ஏடு எது என்று நிறத்தை வைத்தே சொல்லக் கண்ணைப் பழக்கு.