வெயிலையும் காற்றையும் பார்த்து வீடு கட்டுவது: கேள்வி பதில்

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுத் தருவதும், கட்டி முடித்த வீட்டில் ஏன் இத்தனை புழுக்கம் என்று போய்ப் பார்ப்பதும் என் வேலை. மின்சாரமும் கட்டுமானப் பொருளும் குறைவாகச் செலவாகும் பசுமை வீடு பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், புதிதாக வீடு கட்டப் போகிறோம். சோலார் பேனல், சென்சார் விளக்கு, வெப்பம் தடுக்கும் கண்ணாடி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எதில் தொடங்கலாம்?

பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள். அதில் உள்ள எதையும் 5 வருடம் கழித்துக்கூட வாங்கிப் பொருத்தலாம். வீடு எந்தத் திசை பார்த்து நிற்கிறது, ஜன்னல் எந்தச் சுவரில் இருக்கிறது, கூரை எவ்வளவு நீண்டு நிழல் தருகிறது என்பவற்றை அப்படி மாற்ற முடியாது. பணம் செலவாகாத வேலையும் இதுதான். அதனாலேயோ என்னவோ, யாரும் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

மனைக்குக் காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். வெயில் எங்கிருந்து வருகிறது, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் முகத்தில் படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போகும், தெற்கே இருக்கும் ஊர்களில் வடக்கே சாய்ந்து போகும். அந்த வெயில் உச்சியில் இருந்து வருவதால் ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேட் போட்டாலே மறைந்துவிடும். கிழக்கு, மேற்கு வெயில் அப்படியில்லை. தாழ்வாக, நேராக உள்ளே பாயும். அதற்கு மேலே நீட்டிய சன்ஷேட் உதவாது. பக்கவாட்டில் செங்குத்தான மறைப்பு வேண்டும், இல்லையென்றால் மரம் வேண்டும்.

அதனால் வெப்பமான ஊராக இருந்தால் வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கே படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை என்று ஆள் அதிகம் தங்காதவற்றை வரிசையாக வைத்தால் அவையே படுக்கையறைக்கு ஒரு தடுப்பாக நிற்கும்.

எங்கள் மாடி அறை மாலையில்கூடப் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்குத்தான் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. சூரியன் போன பிறகு எங்கிருந்து சூடு வருகிறது அக்கா?

சுவரில் இருந்துதான். இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரின் உட்பக்கம் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். பிறகு கிழக்குச் சுவரில் வையுங்கள். காய்ச்சல் பிடித்த நெற்றிக்கும் சாதாரண நெற்றிக்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரியும்.

செங்கல் சுவர் வெப்பத்தை உடனே கடத்திவிடாது. ஒன்பது அங்குலச் சுவரின் வெளியே பட்ட வெயில் உள்ளே வந்து சேர 6 முதல் 8 மணி நேரம் ஆகும். மாலை மூன்று மணி வெயில் உங்கள் தூக்க நேரத்துக்குத்தான் உள்ளே வருகிறது. கூரை ஸ்லாப் சுவரைவிட மெல்லியது, அதனால் அது முன்னதாகவே கொதிக்கத் தொடங்கும்.

உங்கள் நிலையில் நான் செய்வது இந்த வரிசையில்: முதலில் கூரைக்கு வெள்ளை. நல்ல வெண்ணிறப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். தூசி படியப் படிய இது குறையும், அதனால் கோடை தொடங்கும் முன் ஒரு தடவை கழுவிவிட வேண்டும். அடுத்து மேற்குச் சுவருக்கு வெளியே நிழல். மூங்கில் தட்டியோ கொடியோ எதுவானாலும் சரி, சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் காற்று ஏறி ஓடி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். உள்ளே கனமான திரை போடுவதில் பெரிய பயன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்த மாதிரிதான்.

நாலு பக்கமும் ஜன்னல் வைத்தோம். ஆனாலும் காற்று இல்லை. என்ன தப்பு?

ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு அறைக்கதவுகளை மூடிப் பாருங்கள். ஒவ்வொரு அறைக்கும் நுழையும் வழி மட்டும்தான் இருக்கிறது, வெளியேறும் வழி இல்லை என்றால் காற்று உள்ளே வரவே வராது. நிரம்பிய பாட்டிலுக்குள் ஊதுகிற மாதிரி அது. கதவுக்கு மேலே திறக்கிற மாதிரி ஒரு வென்டிலேட்டர் வைத்தால் கதவு சாத்தியிருக்கும்போதும் பாதை கிடைக்கும்.

வெளியே காற்றே இல்லாத நாளுக்கு வேறு ஏற்பாடு தேவை. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். நிழலான பக்கத்தில் தரையை ஒட்டி ஒரு திறப்பு, படிக்கட்டுக் கூண்டின் உச்சியில் ஒரு திறப்பு என்று வைத்தால் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசமே இழுவையை உண்டாக்கும். உயரம் கூடக் கூட இழுவையும் கூடும். ஈரானில் யஸ்த் நகரத்து வீடுகளின் மேல் நிற்கும் காற்றுக் கோபுரங்கள் இந்த வேலையையும் செய்கின்றன. காற்று அடித்தால் பிடித்து உள்ளே இறக்கும், அடிக்காவிட்டால் சூட்டை மேலே வெளியேற்றும்.

ஒரு பக்கம் ஜன்னலைத் திற என்கிறீர்கள். பாசிவ் ஹவுஸ் பற்றிப் படித்தால் காற்றுப் புகாமல் அடை என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் சரி, ஊர்தான் வேறு. 1990-91இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளர் வரிசையாக நான்கு வீடுகள் கட்டவைத்தார். பாசிவ் ஹவுஸ் என்ற முறை அங்கிருந்துதான் வந்தது. அங்கே பிரச்சினை குளிர். வெப்பம் கடத்தாத தடிமனான காப்பு, மூன்று அடுக்குக் கண்ணாடி, காற்றுக் கசியாத சுவர் என்று செய்து, வெளியேறும் காற்றின் வெப்பத்தைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவியையும் வைத்தார்கள். அதில் இருந்து பிறந்த தர அளவுப்படி, ஒரு சதுர மீட்டருக்கு வருடத்தில் 15 கிலோவாட் மணி நேரத்துக்கு மேல் சூடாக்கும் தேவை இருக்கக் கூடாது.

பகலில் கடும் வெயில், இரவில் நல்ல குளிர் என்று இருக்கும் வறண்ட ஊரில் தடித்த சுவர் வேண்டும். பகலில் மூடி வைத்து, ராத்திரி திறந்துவிட வேண்டும். இரவும் பகலும் ஒரே மாதிரி வேகும் ஈரப்பதமான ஊரிலோ தடித்த சுவர் ஆறவே ஆறாது. அங்கே நிழலும் காற்றோட்டமும்தான் வழி. அப்படிப்பட்ட வீட்டில் ஏசி போட்ட அறை ஒன்று இருந்தால் அந்த அறையை மட்டும் இடுக்கு இல்லாமல் அடைத்து, கூரைக்குக் காப்புக் கொடுங்கள். வேறு ஊருக்குச் செய்த பிளானை அப்படியே எடுத்து வந்து கட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது.

சிமெண்ட் கெடுதல் என்கிறார்கள். அது இல்லாமல் கட்ட முடியுமா?

சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 1450 டிகிரியில் சுட்டுத்தான் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் செய்கிறார்கள். எரிபொருள் புகை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பங்கு அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சூடாக்கும்போது கல்லில் கட்டுண்டு கிடந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே வந்துவிடும். அடுப்பைச் சூரிய சக்தியில் எரித்தாலும் இதைத் தடுக்க முடியாது. உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 8 சதவீதம் சிமெண்டில் இருந்து வருகிறது.

முழுக்கத் தவிர்ப்பது எல்லாருக்கும் சாத்தியமில்லை. குறைப்பது சாத்தியம். பர்மிங்காமில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) பரவலாக்கிய இரண்டு வழிகளை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், கலவையும் குறைவு, பொந்தில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். மற்றொன்று, கூரை ஸ்லாபின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளை வைத்து நிரப்புவது. ஸ்லாப் வளையும்போது அடிப்பகுதி இழுபடும். இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அந்த இடத்தை ஓடு பிடித்துக்கொள்கிறது. கம்பியின் கணக்கை மட்டும் கட்டாயம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எலிப்பொறிக் கட்டுக்குப் பழகாத மேஸ்திரியிடம் கொடுத்தால் பொந்துக்குள் கலவை விழுந்து நிரம்பிவிடும். முதல் இரண்டு வரிசை கட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

மனையில் தோண்டிய மண்ணிலேயே, செங்கலுக்குப் பதிலாகச் சுவருக்கு வைக்கும் மண் கட்டி செய்யலாமா?

மண்ணைப் பொறுத்தது, ஆனால் சோதிப்பது சுலபம். மேல் மண் வேண்டாம். அதில் வேரும் மக்கிய இலையும் இருக்கும், செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள மண்ணைக் கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிறைத்து, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் மறுநாள்வரை தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்து, கடைசியில் மேலே வழவழப்பான ஒரு படலமாக இறங்கும். மூன்று பட்டைகளையும் அளவுகோலால் அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் கையில் வந்துவிடும்.

மணல் அதிகமாக, களிமண் கட்டிப் பிடிக்கும் அளவுக்கு இருந்தால், 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திக் கட்டி செய்யலாம். களிமண் தூக்கலாக இருந்தால் மணல் கலக்க வேண்டும், அல்லது சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு. சூளையில் சுட வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய லாபம். ஆனால் மூன்று நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டாம் வாரமே சுவர் ஏற்றியவர்களின் வீட்டில் கட்டியின் விளிம்பு கைபட்டு உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பது உண்மையா?

செடி வையுங்கள், மனசுக்கு நல்லது. காற்றுக்காக வேண்டாம். இந்தப் பேச்சு கிளம்பக் காரணமான, 1989இல் நாசா செய்த சோதனை, சின்ன மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. அப்படிப்பட்ட சோதனைகளை 2019இல் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சாதாரண காற்றோட்டம் செய்யும் வேலையைச் செய்யவே ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று வந்தது. புதுப் பெயிண்ட், ஒட்டுப்பலகை வாடை போக வேண்டுமா, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்? குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இது ஒன்றை மனசில் வைத்தால் போதும். 80 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 4000 லிட்டர். சிதறல், ஆவி என்று கொஞ்சம் போக 3400 கையில் நிற்கும். அடுத்தடுத்து இரண்டு நல்ல மழை எவ்வளவு தரும், மழை இல்லாத இடைவெளி எத்தனை நாள் என்று பார்த்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை ஒதுக்கிவிட ஒரு குழாய், வெளிச்சம் புகாத மூடி, கொசுவலை, இந்த மூன்றும் கட்டாயம்.

குளித்த தண்ணீரைத் தாராளமாக விடலாம். 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைத்தால் நாறும், அதனால் அன்றைக்கே மண்ணுக்குப் போகட்டும். ஜல்லியும் மணலும் போட்ட பாத்தியில் கல்வாழை நட்டு அதன் வழியாக விட்டால் சோப்பு நுரை அடங்கிவிடும். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு விடாதீர்கள். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய் இருப்பதால் அதற்குத் தனியாக ஒரு பிடிப்புத் தொட்டி தேவைப்படும்.

சரி, சோலார் எப்போது போடலாம்?

தேவையைக் குறைத்த பிறகு. 75 வாட் இழுக்கும் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் இழுக்கும் ஃபேன் வந்துவிட்டது. அதை மாற்றினாலே பேனலின் எண்ணிக்கை குறையும். ஒரு கிலோவாட்டுக்கு 5, 6 சதுர மீட்டர் நிழல் படாத இடம் வேண்டும். பேனல் சூடானால் உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் போகும். கூரையோடு ஒட்டிப் போடாமல் உயர்த்திப் போட்டால் அடியில் காற்று ஓடும், உங்கள் ஸ்லாபுக்கும் நிழல் கிடைக்கும்.

அப்பா கட்டிய பழைய வீட்டை இடித்துவிட்டுப் பசுமை வீடு கட்டலாம் என்று தம்பி சொல்கிறான். சரியா?

முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அஸ்திவாரமும் சட்டகமும் உறுதியாக இருந்தால் தயவுசெய்து இடிக்காதீர்கள். வீட்டுக்குச் செலவான சிமெண்டிலும் இரும்பிலும் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. கூரைக்கு வெள்ளை, மேற்கே நிழல், படிக்கூண்டில் திறப்பு, புது ஒயரிங் என்று செய்தால் அந்த வீடே நன்றாக மாறும். போன வருடம் இதே மாதிரி ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. இடிக்கும் பிளானோடு வந்தவர்கள் இரண்டு ஜன்னலை மட்டும் மாற்றிக்கொண்டு போனார்கள்.

இடித்தே ஆக வேண்டும் என்றால், ஒரு மூலையில் பூச்சை உரித்து, செங்கலுக்கு நடுவில் உள்ள கலவையை ஒரு ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்து வந்தால் அது சுண்ணாம்பு. செங்கல் உடையாமல் முழுசாகக் கழன்று வரும், புது வீட்டுச் சுவருக்கே பயன்படுத்தலாம். சாம்பல் நிறத்தில் ஆணி இறங்காமல் இருந்தால் சிமெண்ட், செங்கல் உடைந்துதான் வரும், தரைக்கு அடியில் நிரப்பத்தான் உதவும். கதவு, ஜன்னல் நிலைகளை இடிக்க ஆள் வருவதற்கு முன்பே நீங்களே கழற்றி நிழலில் அடுக்கிவிடுங்கள்.