ஒரே எண்ணெய், மூன்று பெராக்சைடு மதிப்புகள்: பிழை எங்கே?

கேள்வி: ஒரே எண்ணெயை மூன்று குடுவைகளில் எடுத்துப் பெராக்சைடு மதிப்பு (ஆக்சிஜன் பட்டு எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கான ஓர் அளவு) பார்த்தேன். 4, 6, 9 என்று ஏறிக்கொண்டே போகிறது. நீலம் மறைந்து பியூரெட்டைப் படித்து முடிப்பதற்குள் மீண்டும் நீலம் தட்டுகிறது. எதை எழுதுவது?

பதில்: மூன்றையும் எழுத வேண்டாம். நீலம் திரும்பி வருவதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தச் சோதனையில் பெராக்சைடு அயோடைடிலிருந்து வெளிவிடும் அயோடினைத்தான் தயோசல்பேட்டால் அளக்கிறோம்; நீலம் என்பது ஸ்டார்ச்சோடு சேர்ந்த அயோடினின் நிறம். ஆனால் குடுவையில் அயோடினை வெளிவிடுவது எண்ணெயின் பெராக்சைடு மட்டுமல்ல, காற்றின் ஆக்சிஜனும்தான். அமிலத்தில் இருக்கும் அயோடைடை ஆக்சிஜன் மெல்ல அயோடினாக மாற்றும். வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக மாற்றும்.

மதிப்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்தால், மூன்று குடுவைகளிலும் பொட்டாசியம் அயோடைடை ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக டைட்ரேட் செய்திருப்பீர்கள் (பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு அளந்திருப்பீர்கள்) என்று தோன்றுகிறது. முதல் குடுவை ஒரு நிமிடம் காத்திருந்தால், மூன்றாவது பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்திருக்கும். இந்தச் சோதனையில் கடிகாரமும் ஒரு வினைப்பொருள்தான். ஒரு குடுவையை முழுதாக முடித்த பிறகே அடுத்ததில் அயோடைடு சேர்க்க வேண்டும்.

செய்முறை இது. மூடியுள்ள 250 மி.லி. கூம்புக் குடுவையில் 5 கிராம் எண்ணெயை எடை போட்டு, 30 மி.லி. கரைப்பானில் (அசிட்டிக் அமிலம் 3 பங்கு, குளோரோஃபார்ம் 2 பங்கு) கரையுங்கள். பூரித அயோடைடு கரைசல் 0.5 மி.லி. சேர்த்து மூடி, அவ்வப்போது சுழற்றியபடி சரியாக ஒரு நிமிடம் விடுங்கள். உடனே 30 மி.லி. நீர் ஊற்றி, தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். குளோரோஃபார்ம் ஆவியைச் சுவாசிக்காதபடி எல்லாவற்றையும் ஃபியூம் ஹூடுக்குள் செய்யுங்கள்; கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாத்திரத்தில் சேருங்கள்.

ஸ்டார்ச்சை அயோடினின் மஞ்சள் ஏறக்குறைய மறையும்போதுதான் சேர்க்க வேண்டும். அயோடின் நிறைய இருக்கும்போதே சேர்த்தால் அது ஸ்டார்ச்சோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், முடிவுப்புள்ளி (நிறம் முழுதாக மறையும் கட்டம்) இழுக்கும். இன்னொன்று பலருக்கும் கவனத்தில் வருவதில்லை: அயோடினில் ஒரு பகுதி அடியில் உள்ள குளோரோஃபார்ம் அடுக்கில் ஒளிந்திருக்கும். மெதுவாகச் சுழற்றினால் மேலே நிறம் போய்விடும், கீழிருந்து அயோடின் ஏறி வந்ததும் மறுபடி நீலம். ஒவ்வொரு துளிக்கும் வலுவாகக் குலுக்குங்கள். அப்படிக் குலுக்கி முழுதாக நிறம் போன பிறகு, சற்று நேரம் கழித்து நீலம் வந்தால் அது காற்றின் வேலை. அதைத் துரத்திக்கொண்டு பியூரெட்டைத் திறக்காதீர்கள்.

அயோடைடு கரைசலைத் தினமும் சோதியுங்கள். 30 மி.லி. கரைப்பானில் அதை 0.5 மி.லி. விட்டு, ஸ்டார்ச் இரண்டு துளி சேருங்கள். நீலம் தோன்றி, அதைப் போக்க 0.1 நார்மல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) தயோசல்பேட் ஒரு துளிக்கு மேல் தேவைப்பட்டால் கரைசலைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலின் அடியில் கரையாத படிகம் கொஞ்சம் கிடக்க வேண்டும். அதுதான் பூரிதம் என்பதற்கு அடையாளம்.

உங்கள் எண்ணெய் போலக் குறைந்த மதிப்புள்ள மாதிரிக்கு 0.1 நார்மல் தயோசல்பேட் பொருந்தாது. 5 கிராமில் 0.05 மி.லி. துளி ஒன்று அதிகமானாலே மதிப்பு 1 கூடிவிடும். 0.01 நார்மல் என்றால் அதே துளிக்கு 0.1தான். ஆனால் நீர்த்த கரைசல் சீக்கிரம் வலுவிழக்கும். கொதிக்கவைத்து ஆறிய நீரில், அன்றன்றைக்கு நீர்த்து, பொட்டாசியம் அயோடேட்டைக் கொண்டு தரப்படுத்துங்கள்.

எண்ணெய் இல்லாத பிளாங்கை மாதிரிக்குக் கொடுத்த அதே நேரம், அதே வெளிச்சத்தில் ஓட்டுங்கள். கணக்கு: மாதிரியின் மி.லி.யிலிருந்து பிளாங்கின் மி.லி.யைக் கழித்து, நார்மாலிட்டியாலும் 1000-ஆலும் பெருக்கி, எடையால் வகுக்க வேண்டும். மாதிரிக்கு 3.4, பிளாங்குக்கு 0.1 மி.லி. ஆனால், 0.01 நார்மலில் 5.00 கிராமுக்கு விடை கிலோவுக்கு 6.6 மில்லி ஈக்விவேலன்ட். சுத்திகரித்த எண்ணெய்களுக்குக் கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு 10.

திருத்திச் செய்த பிறகு மதிப்பு மிகக் குறைவாக வந்து, எண்ணெயில் மட்டும் சிக்கு வாடை அடித்தால் சோதனையைச் சந்தேகிக்காதீர்கள். பெராக்சைடு நிலையற்றது, உடைந்து ஆல்டிஹைடாகிவிடும். அந்த எண்ணெய்க்கு அனிசிடின் மதிப்பையும் (ஆல்டிஹைடைக் காட்டும் சோதனை) சேர்த்துப் பாருங்கள்.