இரண்டு பெண் முயல்களை ஒரே கூண்டில் விடலாமா?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் வீட்டுக்குப் பின்னால் முயல் வளர்க்கிறேன். வெள்ளை ஜெயண்ட் பெண் முயல் ஒன்று தனியாக இருந்தது. மூன்று வாரம் முன்பு சோவியத் சின்சில்லா பெண் முயல் ஒன்றை வாங்கி, கூண்டு பெரிதுதானே என்று அதோடு விட்டேன். வந்த நாளிலிருந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும் கடிப்பதுமாக இருக்கின்றன. புதியதற்குக் காது கிழிந்துவிட்டது. இப்போது பழையது, ஆணோடு சேர்க்காமலே, நெஞ்சு முடியைப் பிடுங்கி மூலையில் குவிக்கிறது. போகப் போகப் பழகிவிடுமா ஐயா?

பதில்: பழகும் என்று காத்திருக்காதீர்கள் அம்மா, இன்றே பிரித்துவிடுங்கள். பழைய முயல் தாடையைக் கூண்டின் மூலையிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. 'இது என் இடம்' என்று அது அடையாளம் வைத்த கூண்டுக்குள் புதியதை விட்டிருக்கிறீர்கள். கூண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு அது அத்துமீறல்தான்.

முடி பிடுங்குவதைக் கவனித்து எழுதியது மிக நல்லது. அது பொய்ச்சினை. மாடு, ஆட்டுக்குக் குறித்த நாளில் முட்டை வெளிப்படும்; முயலுக்கு அப்படியில்லை. இணை சேர்ந்த தூண்டுதலில்தான் வெளிப்படும். இன்னொரு பெண் மேலே ஏறினாலே அந்தத் தூண்டுதல் கிடைத்துவிடும். உடம்பு சினை என்று நம்பிக்கொண்டு 16, 17 நாளில் கூடு கட்டத் தொடங்கும். அதுவரை ஆணோடு விட்டாலும் பயனில்லை. சேர்ந்தே இருந்தால் இது திரும்பத் திரும்ப வரும், குட்டியே கிடைக்காது. ஆகவே பிரித்து 18 நாள் கழித்து இணை சேருங்கள்.

வளர்ந்த ஆணுக்கு 4 சதுர அடி, தாய் முயலுக்கு 5 சதுர அடி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு. துணை வேண்டுமே என்று வருத்தப்பட வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருந்தாலே போதும்; நடுவில் ஒன்றின் மூக்கு மற்றதை எட்டாத அளவு இடைவெளி விடுங்கள். சேர்த்து வளர்க்கலாம் என்றால் அது ஒரே ஈற்றுக் குட்டிகளைத்தான், அதுவும் சுமார் மூன்று மாத வயது வரை.

கிழிந்த காதைச் சுத்தமான உப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் அயோடின் தடவுங்கள். சீழ் கட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மெடிக்கலில் அமாக்சிசிலின் வாங்கி வாய்வழியாகக் கொடுத்துவிடவே கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கழிச்சலில் முயல் செத்துப்போகும்.

அப்புறம், புதிய முயலை எப்போது வாங்கினாலும் மூன்று வாரம் தள்ளி வையுங்கள். பழையவற்றுக்குத் தீனி போட்ட பிறகே அதன் பக்கம் போங்கள். காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு இருந்தால் சொறி. முன்னங்காலின் உள்பக்க முடி ஈரமாகத் திரிதிரியாக ஒட்டியிருந்தால் சளி நோய். ஒழுகும் மூக்கை அது காலால்தான் துடைக்கும். வந்து மூன்று வாரம் ஆகிவிட்டாலும் உங்கள் இரண்டையும் இன்றே ஒருமுறை பாருங்கள்.

இணை சேர்க்கும்போதும் அந்த 'இது என் இடம்' கணக்குதான். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். ஆணை இங்கே கொண்டுவந்தால் கடி வாங்கும். பருவத்தில் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆண் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுவதைப் பார்த்ததும் பெண்ணை அதன் கூண்டுக்கே கொண்டுவந்து விட்டுவிடுங்கள்.