மீட்டரைப் பார்த்து மிஷின் வாங்குங்க: வீட்டு வெல்டிங் கேள்வி பதில்

டிரெய்லர், கலப்பை, காபி பல்பர் (காபிப் பழத்தோலை உரிக்கிற மிஷின்) மாதிரி கனமான ரிப்பேரை வீட்டிலேயே பார்த்துக்க நினைக்கிற சேலம், ஏற்காடு வட்டாரத்துக்காரர்கள் கேட்டவை இவை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவர் ஒருவரே.

கேள்வி (ஓமலூர்): அண்ணா, டிராக்டர் டிரெய்லரும் கலப்பையும் பத்த வைக்க (வெல்டிங் பண்ண) ஒரு மிஷின் வாங்கலாம்னு இருக்கேன். கடையில 200, 250, 300 ஆம்பியர்னு அடுக்கி வெச்சிருக்காங்க. வீட்டுல சிங்கிள் பேஸ்தான். எதை எடுக்கறதுங்க?

பதில்: மிஷினை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதல்ல மீட்டர் பெட்டியைப் பாருங்க. 12 நம்பர் ராடுக்கு (2.5 மி.மீ.) 60 முதல் 90 ஆம்பியர் வேணும். 10 நம்பருக்கு (3.15 மி.மீ.) 90 முதல் 130. 8 நம்பருக்கு (4 மி.மீ.) 140 முதல் 180. வீட்டு ரிப்பேருக்கு 8 நம்பர் அவசியமே இல்லை. 10 மி.மீ. பிளேட்டா இருந்தாலும் விளிம்பை ரெண்டு பக்கமும் சரிவா கிரைண்ட் பண்ணி, 10 நம்பர் ராடால மூணு நாலு ஓட்டம் போட்டு நிரப்பிடலாம். ஆக, உங்களுக்கு நிஜமா தேவைப்படுறது 130 ஆம்பியர்.

அதுக்கு வீட்டு லைன்ல எவ்வளவு இழுக்கும்னு கணக்குப் போடுங்க. 110 ஆம்பியர்ல ஆர்க் வோல்டேஜ் சுமார் 24 வரும். பெருக்கினா 2.7 கிலோவாட். மிஷினோட இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (வேலைக்கு ஆகாம லைன்ல சும்மா போய் வர்ற கரண்ட்) சேர்த்தா சாதாரண இன்வர்ட்டர் வெல்டிங் மிஷினுக்கு (வீட்டு பேட்டரி இன்வர்ட்டர் இல்ல, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வெச்ச மிஷின்) 4.5 கே.வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால பெருக்கி ஆயிரத்தால வகுத்தது) ஆகும், அதாவது 230 வோல்ட்ல 20 ஆம்பியர். 150 ஆம்பியர்ல பத்த வெச்சா லைன்ல 28 ஆம்பியர் போகும். 16 ஆம்பியர் பிளக் ஏன் உருகுதுன்னு இப்பப் புரியும்.

அதனால 200 ஆம்பியர் ஐ.ஜி.பி.டி. (உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச் வகை) இன்வர்ட்டர் எடுங்க, டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் போட்டிருக்கணும். பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் முழு 200ல ஓடும்னு அர்த்தம். அப்படிப்பட்ட மிஷின் 150ல நிறுத்தாம ஓடும், 130ல ஓட்டினா சூடேறி நிக்காது. அந்த சதவீதம் 40 டிகிரி வெப்பத்துக்குக் கொடுத்ததான்னும் பாருங்க. சேலத்துச் சித்திரை வெயில்ல, தகரக் கொட்டகைக்குள்ள, 25 டிகிரிக்குப் போட்ட கணக்கு செல்லாது.

கடையில ஏமாறாம இருக்க ஒரு வழி இருக்கு. கையில தூக்குற சின்னப் பெட்டி மேல 300 ஆம்பியர்னு எழுதியிருந்தா, பின்பக்கத் தகட்டுல இன்புட் ஆம்பியரைப் படிங்க. 300 ஆம்பியர் ஆர்க்குக்கு 32 வோல்ட் வேணும், அதுவே 9.6 கிலோவாட். தகட்டுல இன்புட் 25 ஆம்பியர்னு இருந்தா உள்ளே போறதே 5.75 கே.வி.ஏ.தான். போனதை விட அதிகமா வெளியே வராது. அந்த மிஷினை அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க.

கேள்வி (ஓமலூர், அவரே): அப்ப லைன் எப்படி இழுக்கணும்ணா? மீட்டர்ல இருந்து கொட்டகை 30 மீட்டர் தள்ளி இருக்கு.

பதில்: மெயின்ல இருந்து தனி லைன், 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர். 32 ஆம்பியர் சி கர்வ் எம்.சி.பி. (சுவிட்ச் போடுறப்போ வர்ற கரண்ட் குதிப்பைத் தாங்குற வகை டிரிப் சுவிட்ச்), கொட்டகையில 32 ஆம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக். இந்தத் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் ஒயர் போட்டா, 25 ஆம்பியர் போறப்போ 11 வோல்ட் ஒயர்லயே போயிடும், ஒயரும் சுடும். 6 ஸ்கொயர்ல அது 5 வோல்ட்டுக்குள்ள அடங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுருட்டி வெச்சபடியே ஓட்டாதீங்க, சுருளுக்குள்ள சூடு தங்கி இன்சுலேஷன் உருகும்.

எர்த் ஒயரும் கூடவே வரணும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற சுவிட்ச்) போட்டிருந்தா சில மிஷினுக்கு டிரிப் ஆகும். அதை பைபாஸ் பண்ணவே கூடாது. முக்கால்வாசி ஈரமோ பழைய ஒயரோதான் காரணமா இருக்கும், அதைத் தேடிப் பிடிங்க. இன்னொண்ணு, மின் வாரியத்துல உங்க பேர்ல எத்தனை கிலோவாட் பதிவாகியிருக்குன்னு பாருங்க. 4 கிலோவாட்டுக்கு மேல போனா மும்முனை இணைப்புக்கு மனு கொடுக்கணும்.

கேள்வி (வாழப்பாடி): கிணத்து மோட்டார் சர்வீஸ்ல த்ரீ பேஸ் இருக்கே, அதுல மாட்டிக்கலாமுங்களா?

பதில்: வேண்டாம்ங்க. விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்குக் கொடுத்தது, வெல்டிங்குக்குப் பயன்படுத்தினா விதிமீறல். அங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கு. 230 வோல்ட் மிஷினைத் தெரியாம ரெண்டு பேஸுக்கு நடுவுல கொடுத்துட்டா 415 வோல்ட் ஏறி, சுவிட்ச் போட்ட நொடியில போர்டு வெடிக்கும். வீட்டிலேயே மும்முனை வாங்கினவங்க லோடு குறைவா இருக்கிற பேஸ்லயிருந்து எடுங்க.

கேள்வி (எடப்பாடி): பழைய காப்பர் காயில் டிரான்ஸ்ஃபார்மர் செட் ஒண்ணு மலிவா வருது. இன்வர்ட்டரை விட அது உழைக்கும்ங்கறாங்களே?

பதில்: உழைக்கும், அதுல சந்தேகமே இல்லை. தூசிக்கும் பயப்படாது. ஆனா அதே 110 ஆம்பியருக்கு லைன்ல 29 ஆம்பியர் வரை இழுக்கும், பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் மங்கும். அது தர்றது ஏ.சி. (திசை மாறிக்கிட்டே இருக்கிற) கரண்ட் வேற. 7018 ராடு (ஹைட்ரஜன் குறைவான, பலமான ஒட்டு தர்ற ராடு) அதுல சரியா பிடிக்காது, ஒட்டிக்கிட்டே இருக்கும். கனமான ரிப்பேருக்கு 7018 இல்லாம முடியாது. த்ரீ பேஸ் பட்டறைக்கு அது சரி, வீட்டுக்கு இன்வர்ட்டர்தான்.

சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்குற ஊரா இருந்தா, இன்புட் 160 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு தகட்டுல போட்ட மிஷினா கேளுங்க. வோல்டேஜ் இறங்கினா அதே வேலைக்கு 20க்குப் பதிலா 25 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஸ்டெபிலைசரை நடுவுல மாட்டினா அதுதான் முதல்ல கருகும்.

கேள்வி (ஏற்காடு): எஸ்டேட்டுல மழைக்காலத்துல கரண்ட் அடிக்கடி போகுது சார். ஜெனரேட்டர்ல ஓட்ட எத்தனை கே.வி.ஏ. வேணும்?

பதில்: சேலத்துக் கடைக்காரர் சொல்ற அளவை அப்படியே எடுக்காதீங்க. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீத சக்தியை இழக்கும், காத்து மெலிசாகிறதால. அங்கே வந்து சேர்றப்போ 17 சதவீதம் போயிருக்கும். 5 கே.வி.ஏ. செட் 4.1தான் கொடுக்கும். 12 நம்பர் ராடை 85 ஆம்பியர்ல ஓட்ட 3.3 கே.வி.ஏ. போதும், அதனால அதுக்கு சரி. 10 நம்பருக்கு 7.5 கே.வி.ஏ. எடுங்க. வெல்டிங் ஓடுறப்போ அதே ஜெனரேட்டர்ல டிவி, ஃப்ரிட்ஜ் எதுவும் இருக்கக் கூடாது, ராடை வைக்கிறப்பவும் எடுக்கிறப்பவும் வோல்டேஜ் குதிக்கும். மிஷினைப் பத்தி மலையில கவலை வேண்டாம், குளிர் அதுக்கு நல்லதுதான்.

கவலைப்பட வேண்டியது ராடைப் பத்தி. மேகம் வீட்டுக்குள்ளேயே வர்ற ஊர்ல பிரிச்ச 7018 பாக்கெட் ரெண்டே நாள்ல ஈரம் குடிச்சிடும். அந்த ஈரத்துல இருக்கிற ஹைட்ரஜன் இரும்புக்குள்ள போய், பத்த வெச்ச மறுநாள் ஓரத்துல மயிரிழை வெடிப்பா வரும். 300 டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம் காய வெச்சு, இறுக்கமா மூடின டப்பாவுல போட்டு எடுத்துப் பயன்படுத்துங்க. 6013க்கு (சாதா வேலைக்கான ராடு) 100 டிகிரி போதும், அதிகமா காய்ச்சினா அது கெடும்.

கேள்வி (ஏற்காடு, வேறொருவர்): காபி பல்பரோட வார்ப்பிரும்பு பாடி விரிசல் விட்டிருக்கு. 7018ல பத்த வைக்கலாமா?

பதில்: கூடாது. பக்கத்துலயே மறுபடி விடும். நிக்கல்-இரும்பு ராடு கேட்டு வாங்குங்க. விரிசலோட ரெண்டு முனையிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டாத்தான் அது மேல ஓடாம நிக்கும். பள்ளம் வெட்டி, எண்ணெயைச் சுட்டுப் போக்கிட்டு, ஒரு தடவைக்கு 25 மி.மீ. மட்டும் பத்த வைங்க. சூடு இருக்கிறப்பவே சுத்தியலால மெதுவா தட்டுங்க. கை வைக்கிற அளவுக்கு ஆறின பிறகு அடுத்தது. ஒரு சாண் விரிசலுக்கு அரை நாள் ஆகும். அவசரப்பட்டா பாடி வீணாகும்.

கேள்வி (ஆத்தூர்): கலப்பைக் கொத்து பத்த வெச்ச இடத்துக்குப் பக்கத்துலயே உடையுதுங்க.

பதில்: கார்பன் அதிகமான இரும்பு அது. சட்டுனு ஆறினா கண்ணாடி மாதிரி இறுகும். தண்ணி தெளிச்சா துளி உருண்டு ஓடுற அளவுக்கு முதல்ல சூடு பண்ணுங்க, ஏறக்குறைய 200 டிகிரி. உலர்ந்த 7018 ராடு போடுங்க, ராடு பிடிக்கிற ஹோல்டரை மிஷினோட பிளஸ் முனையில மாட்டுங்க. முடிஞ்சதும் சாம்பலுக்குள்ள புதைச்சு மெல்ல ஆற விடுங்க, தண்ணி ஊத்தவே கூடாது. வண்டிப் பட்டை ஸ்பிரிங்கை மட்டும் பத்த வைக்காதீங்க, புதுசு போடுங்க.

கேள்வி (தாரமங்கலம்): டிராக்டர் மேலேயே வெச்சு பத்த வைக்கலாமா?

பதில்: பேட்டரியோட ரெண்டு முனையையும் கழட்டிட்டு, மைனஸ் முதல்ல. எர்த் கிளாம்பைப் பத்த வைக்கிற இடத்துக்கு ஒரு முழத்துக்குள்ள, பெயிண்ட் சுரண்டின இரும்புல பிடிங்க. தூரத்துல பிடிச்சா கரண்ட் பேரிங் வழியா போய் அதைப் பொரிச்சிடும். டீசல் டேங்கை, காலியா இருந்தாலும், தொடாதீங்க. ஆள் ஏத்துற டிரெய்லரோட கொக்கியை அனுபவமுள்ள வெல்டர்கிட்டயே கொடுங்க.

கேள்வி (ஜவ்வரிசி ஆலை, சேலம்): ஸ்டெயின்லெஸ் தொட்டிக்கு?

பதில்: 304 தகடுன்னா 308எல் ராடு, ஸ்டெயின்லெஸ்ஸை சாதா இரும்போட சேர்க்க 309எல். 12 நம்பர், 60 முதல் 80 ஆம்பியர். சாதா இரும்பைத் தேய்ச்ச கிரைண்டிங் வீலை அதுல வைக்காதீங்க, துரு பிடிக்கும்.

கேள்வி (இளம்பிள்ளை): மிஷினோட வர்ற கேபிள் போதுமாங்க?

பதில்: பெரும்பாலும் போதாது, மெலிசா இருக்கும். 150 ஆம்பியர் வரைக்கும் 25 ஸ்கொயர் காப்பர் கேபிள் போடுங்க. கிரைண்டிங் பொறி மிஷின் காத்து இழுக்கிற பக்கம் போகாம பார்த்துக்கங்க, இரும்புத் தூள் போர்டுல படிஞ்சா ஷார்ட் ஆகும். மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் கழிச்சு உலர்ந்த காத்துல ஊதி விடுங்க.