நீர்வண்ணத்தில் பழைய ரோட்ஸ்டர் கார்: பளபளப்புக்கு வெள்ளை வேண்டாம்

கேள்வி: 1935ஆம் ஆண்டின் சிவப்பு ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டர் கார், வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் நிற்பதாக நீர்வண்ணத்தில் வரைகிறேன். மட்கார்டு வளைவுகளில் வண்ணம் திட்டுத்திட்டாகக் காய்கிறது. வெள்ளை பூசியும் மினுமினுப்பு வரவில்லை. என்ன செய்வது? – வாசகர், குடியாத்தம்

பதில்: கார்டன் பியூரிக் வடிவமைத்த இந்தக் காரில் தட்டையான பரப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை; நீண்ட பானட், உருண்டு இறங்கும் மட்கார்டுகள், கூம்பி முடியும் பின்பகுதி என எல்லாமே வளைவுகள்தாம். ஆகவே நீங்கள் வரைய வேண்டியது சிவப்பு நிறத்தை மட்டுமன்று, அதில் தெரியும் சுற்றுப்புறத்தையும்தான். வானத்தைப் பார்த்திருக்கும் மேல்வளைவில் வெளிர்நீலம் படரும். தரையை நோக்கித் திரும்பும் கீழ்வளைவில் மண்ணின் செம்மை ஏறும். இரண்டுக்கும் நடுவே கோட்டையின் கருங்கல் மதில் ஒடுங்கி, அடர்ந்த மெல்லிய பட்டையாக வளைந்து ஓடும். புகைப்படத்தில் இருக்கும் வேறோர் ஊரின் பிரதிபலிப்பை அப்படியே எடுத்துவைத்தால், கார் அகழிக்கரையில் நிற்பதாக யாரும் நம்பமாட்டார்கள்.

மிகப் பிரகாசமான இடங்களைத் தாளின் வெண்மையாகவே விட்டுவிடுங்கள். வெள்ளை வண்ணம் ஒளியைத் தடுத்துச் சுண்ணாம்பு பூசியது போலாக்கிவிடும். பானட்டின் பக்கவாட்டில் வெளிவரும் குரோம் புகைக்குழாய்களின் மினுக்கம் போன்ற நுண்ணிய இடங்களுக்கு மட்டும் மாஸ்கிங் திரவம் (தாளில் வண்ணம் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் போன்ற திரவம்) போதும். சோப்பில் தோய்த்த பழைய பிரஷால் அதைத் தடவி, மேலே பூசிய வண்ணம் நன்றாகக் காய்ந்தவுடனேயே உரித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் விட்டுவைத்தால் அது தாளையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும்.

திட்டுக்களுக்குக் காரணம் பெரும்பாலும் வெப்பம்தான். முதல் பூச்சு பாதி காய்ந்த நிலையில் ஈரப் பிரஷை வைத்தால், புதிய நீர் பழைய வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி வரிவரியாக நிறுத்திவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளின் இரு பக்கத்தையும் நனைத்து, அக்ரிலிக் பலகையின்மேல் ஒட்டினாற்போல் விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு வரையுங்கள். அடியிலுள்ள ஈரம் உங்களுக்கு அவகாசம் தரும். அக்னி நட்சத்திர நாட்களில் விடியற்காலையே தகுந்த நேரம். கலக்கும் நீரில் சில துளி கிளிசரின் சேர்க்கலாம். கூடினால் பூச்சு பிசுபிசுக்கும்.

சிவப்பின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், வண்ணம் செத்துவிடும். பெரிலீன் மெரூன் போன்ற ஆழ்ந்த சிவப்பு போதும். அசல் அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும் தன்மையுடையது என்பதால், கூடத்துச் சுவரில் மாட்டப்போகும் படத்துக்குக் குவினாக்ரிடோன் சிவப்பை வாங்குங்கள்.

சக்கரங்களைப் பற்றியும் ஒரு சொல்: சாய்வாகப் பார்க்கும்போது சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும்; அந்த நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, அச்சாணி செல்லும் திசையிலேயே அமைய வேண்டும். அது பிசகினால் எவ்வளவு நல்ல வண்ணமும் காரைக் காப்பாற்றாது. எனவே பென்சில் கோட்டிலேயே இதைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு தாளை நனையுங்கள்.