பட்டியல் கேட்பவருக்கு

அன்புள்ள ஐயா,

அதிகம் பேசப்படாத வீடியோ கேம்களைத் தேடி விளையாட விரும்புகிறேன். கணினி, கைபேசி, கன்சோல் (கேமுக்கென்றே உள்ள கருவி) என்று கருவிவாரியாகவும், புதிர், சாகசம், கதை என்று வகைவாரியாகவும் ஒரு பட்டியல் தர முடியுமா? ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் தள்ளுபடியில் வாங்கியவை முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை இன்னும் திறக்கவில்லை. திறந்தவையும் மனதில் நிற்பதில்லை. கையடக்கக் கன்சோல் ஒன்று வாங்கினால் இந்த நிலை மாறுமா? முப்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

எம்., தேவகோட்டை

அன்புள்ள எம்.,

வீட்டில் கேட்பதை விடுங்கள். தேவகோட்டையில் முப்பது வயதுக்காரர் கல்யாணத்தைத் தவிர எதைச் செய்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். என்னைத் தைத்தது அந்த முந்நூறு. வாங்கியதையே விளையாடியதாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பெரும்பாலும் திறக்காத முந்நூறைக் கையில் வைத்துக்கொண்டு, அறியப்படாதவை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்கிறீர்களே, உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

2024ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது. இந்த வெள்ளத்தில் யார் தரும் பட்டியலும் அவர் கண்ணில் தற்செயலாகப் பட்டவற்றின் பட்டியல்தான். அதோடு, யாருக்கு அறியப்படாதது என்ற கேள்வியும் இருக்கிறது. தொண்ணூறுகளில் கோடை விடுமுறைக்குப் பள்ளத்தூர் வீட்டில் கூடும் நாங்கள், வளவில் டிவி பெட்டியை வைத்து ஒரு பென்குயின் கேம் விளையாடுவோம். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை சிலவே, அவையே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் இரண்டு பென்குயின்கள் வரும் இந்த ஆட்டம் ஹட்சன் சாஃப்ட் நிறுவனம் 1985இல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட ‘பைனரி லேண்ட்’ என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அந்தக் கருவியின் அமெரிக்க வடிவத்துக்கு அது வரவே இல்லை. அங்குள்ள பிள்ளைகள் கேள்விப்பட்டிராத ஆட்டம், செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

அதன் விதி எளிது. ஒரு பென்குயின் இடப்பக்கம் நகர்ந்தால் மற்றது வலப்பக்கம் நகரும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சியில் இருக்கும் இதயத்தைத் தொட வேண்டும். இடையில் சிலந்திகள், வலைகள். ஒன்று வலையில் சிக்கினால் மற்றது வந்து விடுவிக்க வேண்டும். இரண்டும் சிக்கினால் ஓர் உயிர் போயிற்று. நாங்கள் பொத்தானை அழுத்தி அழுத்தித் தோற்றுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பத்தா ஒரு நாள் சொன்னார்: “ஏன்டா ரெண்டையும் சேத்து ஓட்டுறீய? ஒண்ணைச் சுவத்துல முட்ட விடுங்க. அது நிக்கட்டும், மத்தது வந்து சேரும்.” சுவரில் முட்டிய பென்குயின் அசையாது, மற்றது மட்டும் நகரும், கலைந்த வரிசை சரியாகிவிடும், அந்த ஆட்டத்தின் சூட்சுமமே அதுதான். ஜாய்ஸ்டிக்கை அவர் தொட்டதே இல்லை. தினமும் மத்தியானம் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பழையவை எல்லாம் உயர்ந்தவை என்று நான் சொல்லவருவதாக நினைக்காதீர்கள். அந்தக் கேசட்டில் பெரும்பகுதி குப்பை. ஆனால் குப்பை எது, சரக்கு எது என்பது ஒன்றோடு நெடுநேரம் உட்கார்ந்தவருக்கே தெரியவரும். பத்து நிமிடத்தில் மூடிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர் முந்நூறு அல்ல, மூவாயிரம் வாங்கினாலும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

கருவிவாரி, வகைவாரி என்ற உங்கள் பிரிவினையும் எனக்கு உவப்பாக இல்லை. செய்தவரின் கையைப் பின்தொடருங்கள். கருவியும் வகையும் தாமாகவே மாறும். கேம் வடிவமைப்பாளர் லூகாஸ் போப் 2013இல் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ செய்தார். கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் வருபவர்களின் தாள்களைச் சரிபார்க்கும் அலுவலராக நாம் உட்கார வேண்டும். 2018இல் அவரே ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ செய்தார். 1802இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல்போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 1807இல் ஆளில்லாமல் திரும்புகிறது. காப்பீட்டுக்காகக் கணக்கெடுக்க வரும் நம் கையில் அறுபது பேரின் பெயர்ப்பட்டியலும், அவர்கள் முகங்கள் வரைந்த படமும், இறந்தவரின் கடைசிக் கணத்தைக் காட்டும் ஒரு கடிகாரமும் இருக்கின்றன. எந்தப் பெயர் எந்த முகத்துக்கு உரியது, அவர் என்ன ஆனார் என்பதை, பேச்சின் சாயலையும் உடையையும் தூங்கும் தொங்குபடுக்கையின் எண்ணையும் வைத்து நாமே ஊகிக்க வேண்டும். அந்த அறுபது பேரில் இந்திய மாலுமிகளும் உண்டு. முகப்புச் சுவரில் வரிசையாக மாட்டிய படங்களைக் காட்டி, இவர் ரங்கூனுக்குப் போனவரா பினாங்குக்குப் போனவரா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் வளர்ந்தவன் நான்; ஒரு மாலுமியின் பெயர் முகத்தோடு பொருந்திய கணத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அதே போப் 2024இல் பிளேடேட் என்ற சின்ன மஞ்சள் கருவிக்கு ‘மார்ஸ் ஆஃப்டர் மிட்நைட்’ செய்தார். பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுழற்றிக் கதவின் பார்வைத் துளையைத் திறந்து, வந்திருக்கும் வேற்றுகிரகவாசியை உள்ளே விடலாமா என்று தீர்மானிக்க வேண்டும். மூன்றிலும் ஒருவரை உற்றுப் பார்த்து இவர் யார் என்று முடிவுசெய்வதுதான் வேலை. இந்தத் தொடர்ச்சியை எந்தக் கருவிவாரிப் பட்டியல் உங்களுக்குக் காட்டும்?

கன்சோல் வேண்டாம். கருவியை நம்பிச் சேர்ப்பவருக்கு ஒரு செய்தி: 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ என்ற இரு கருவிகளின் இணையக் கடைகளிலும் விற்பனை நின்றது, அங்கே மட்டுமே கிடைத்துவந்த கேம்களைப் புதிதாக வாங்க அன்றோடு வழியில்லாமல் போயிற்று.

பெயர் சொல்லாமல் விட்டால் வருந்துவீர்கள். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ 2022 முதல் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் அதையும் இப்போது வாங்காதீர்கள். உங்கள் முந்நூறில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். மற்றவற்றை மறைத்துவைக்க ஸ்டீமிலேயே வசதி உண்டு, மறைத்துவிடுங்கள். எடுத்ததில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கிறீர்கள் என்று எழுதுங்கள் தம்பி, இதைவிடப் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். மறுபடியும் பட்டியல் கேட்டு எழுதினால் பதில் வராது.

அன்புடன்.